கட்டுக்கடியில் பஞ்சு

சோப்பு நுரையில் தண்ணீர் கூடிப்போயிருந்தது. தளவாயின் கன்னத்தில் பிரஷ்ஷை வைத்ததுமே நுரை நிற்காமல் தாடை வழியே இறங்கி, கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த துண்டில் சொட்டியது. சண்முகவடிவு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துடைக்க வேண்டும் என்று தெரிந்தது, கை போகவில்லை. இப்போது அவள் இந்த மாடியில் நிற்கவே கூடாது. கீழே விசாரணை முடிந்து, நோயாளிகளை வைத்துப் பார்க்கிற இந்த இல்லத்தின் செயலாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, "முடிவு வர்ற வரைக்கும் நீங்க வேலைக்கு வர வேண்டாம் சிஸ்டர்" என்று பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாரே, அப்போதே கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். பையை எடுத்தாள். கேட் வரைக்கும்கூடப் போனாள். வேப்பமரத்து நிழலில், விசாரணைக்கு வந்த அதிகாரியம்மாவின் ஜீப் நின்றது, டிரைவர் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். சமையலறையிலிருந்து அப்பளம் பொரிக்கிற வாசனை வந்தது. அந்த வாசனைதான் அவளைத் திருப்பிவிட்டதோ என்னவோ. தன்னைத் திருடியைப்போல வெளியே அனுப்பிவிட்டு எல்லாரும் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கப் போகிறார்கள். கூட வேலை பார்க்கிற நர்ஸ் எமீமா பரிமாறுவாள். எமீமாவுக்கு நன்றாகப் பரிமாற வரும். தளவாய்க்குச் சவரம் செய்துவிடுவதாகக் காலையில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெந்நீர்கூட வைத்திருந்தாள், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். மாடி ஏறி வந்து பார்த்தால், அவர் கழுத்தில் அதே துண்டோடு, அதே சாய்வில், வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "வந்துட்டேன் அண்ணாச்சி, நேரமாயிட்டு" என்றாள். "ஆமா" என்றார் தளவாய். அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம்.

"நான் ஒண்ணும் பாக்கலை மேடம்." எமீமா அப்படித்தான் சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சர்ச்சில் வேதபாடம் வாசிக்க எழுந்து நிற்பாளே அந்த மாதிரி நின்றுகொண்டு. நான் ஒண்ணும் பாக்கலை மேடம். நுரையை வழித்துத் திரும்பக் குழைத்தாள். இந்தத் தடவை நின்றது. பிளேடை மாட்டி, தாடையை இடது கையால் ஏந்தி, காதோரத்திலிருந்து கீழே ஒரு இழுப்பு. நான் ஒண்ணும். மூக்குக் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியை ஒதுக்கி மீசைக்கு மேலே ஒரு இழுப்பு. பாக்கலை மேடம். பிளேடைக் குவளைத் தண்ணீரில் அலசினாள். அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால்கூடப் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளலாம். பிள்ளை காலேஜில் படிக்கிறான், வேலை போனால் என்ன செய்வாள், பயந்துபோனாள், போகட்டும். ஆனால் அதிகாரியம்மா கேட்காமலேயே அடுத்ததையும் சொன்னாள். "நான் ட்யூட்டி மாத்திவிடும்போது தளவாய் அண்ணாச்சி கை நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்குப் பிறவு வடிவு சிஸ்டர்தான் மேல இருந்தாங்க." வடிவு சிஸ்டராம். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவளை எமீமா சிஸ்டர் என்று கூப்பிட்டது கிடையாது. ஏட்டி, வடிவு, இல்லாவிட்டால் 'பிள்ள'. அந்த 'சிஸ்டர்' என்ற ஒரு சொல்லில்தான் வடிவுக்கு முதலில் உடம்பு குளிர்ந்தது. பழி பிறகுதான் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன்னை முகம் தெரியாத ஒருத்தியைச் சொல்வதுபோலச் சொல்கிறாளே என்று திரும்பினால், எமீமா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தளவாய் லாரி ஓட்டியவர். நாக்பூர் வரைக்கும் வெங்காயத்துக்குப் போய்வந்தவர் என்று அவர் மனைவி முப்பிடாதி சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் ஸ்டியரிங்கிலேயே வலது பக்கம் விழுந்துபோயிற்று, கை, கால், பேச்சு எல்லாம். முப்பிடாதி பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள், வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லை, கொண்டுவந்து இங்கே சேர்த்தாள். வந்த புதிதில் இடது கை நன்றாக இருந்தது. அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்வார்! தலை சீவுவார். ரேடியோ திருகுவார். வடிவு வந்தால் ஹாரன் அடிப்பதுபோல நெஞ்சில் தட்டிக் காட்டுவார். குழாய் போட்டபிறகு அந்தக் கைதான் குழாயைப் பிடுங்கவும் செய்தது. பிடுங்கத்தான் செய்யும், மூக்குக்குள் பாம்பு மாதிரி ஒன்று கிடந்தால் யாருக்குத்தான் பொறுக்கும். போன மாதம் ஒரு விடியலில் அவள் வேலைக்கு வந்து மாடி ஏறினபோது அந்தக் கை கட்டில் கம்பியோடு கட்டியிருந்தது. பேண்டேஜ் துணி. விரல்கள் அவரைக்காய் மாதிரி ஊதி, நகமெல்லாம் நீலம் பூத்து. அவர் வாயைத் திறந்து ஆமா ஆமா ஆமா என்று சத்தமில்லாமல் காற்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் கத்தினாரோ, குரலே போயிருந்தது. முடிச்சு துணிச் சுற்றுக்குள் புதைந்து கிடந்தது, அவசரத்தில் வடிவுக்கு அது பிடிபடவில்லை. மாடிப்படிக்கு வந்து "ஏட்டி எமீமா!" என்று கத்தினாள். எமீமா ஓடிவந்தாள். கத்திரிக்கோலால் ஒரே வெட்டு. அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "கர்த்தாவே, கர்த்தாவே" என்று தேய்த்துத் தேய்த்து அழுதாள். நிஜமான அழுகை. அழுகையில் வடிவை ஏமாற்ற முடியாது, எவ்வளவு அழுகை பார்த்திருக்கிறாள் அவள். அதுதான் இப்போது குழப்புகிறது. அவ்வளவு அழுதவள் எப்படிக் காலண்டரைப் பார்த்தாள்?

"இது இசக்கி வேலையாத்தான் இருக்கும்" என்றாள் எமீமா அன்றைக்கே. இசக்கி மாடியில் இரவு வேலை பார்க்கிற ஆள், கொஞ்சம் குடிப்பான், வாய் நாறும். "நான் கீழ பொம்பளையாளுவ வார்டுல அந்தப் பாளையம்மா உயிருக்கு இழுத்துக்கிட்டுக் கிடந்தாள்னு அங்ஙனயே இருந்துட்டேன் பிள்ள. மேல என்ன நடக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" வடிவு நம்பினாள். நம்பினாள் என்றுகூடச் சொல்லக்கூடாது, நம்புவதா வேண்டாமா என்று ஒரு யோசனை வந்தால்தானே நம்புவது. எமீமா சொன்னாள், அவ்வளவுதான். நர்சிங் படிக்கிறபோது ஹாஸ்டலில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வடிவுக்குப் பிரசவ வலி வந்தபோது புருஷன் சென்னையில், மாமியார் கோபத்தில், இருபக்கத்து ஆளும் இல்லாமல் கிடந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "முக்கு பிள்ள, முக்கு, நான் இருக்கேம்லா" என்று நின்றவள் எமீமாதான். வடிவின் மகள் இன்றைக்கும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். அப்படிப்பட்டவள், "நீ போய் ஆபீசர்ட்ட சொல்லு, விடாத. என்னைக் கூப்பிட்டுக் கேட்டா நான் ஒன் பக்கத்துல நிப்பேன்" என்றபோது வடிவு யோசிக்கவா செய்வாள்? செயலாளரிடம் முதலில் சொன்னாள். "பாத்துக்கலாம் சிஸ்டர்" என்றார். பார்த்துக்கொள்ளவில்லை. பிறகுதான் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி, சமூகநல அலுவலகத்தில் காத்திருந்து, அதிகாரியம்மா முன்னால் நின்று, ஒரு நோயாளியை மிருகம் மாதிரிக் கட்டிப்போட்டிருந்தார்கள் என்று சொன்னாள். இசக்கி பெயரையும் சொன்னாள். அதைச் சொன்னபோது நெஞ்சில் ஒரு பெருமிதம்கூட இருந்தது. படித்த படிப்புக்கு, நர்சாகும்போது மெழுகுவர்த்தியைக் கையில் ஏந்திச் சொன்ன உறுதிமொழிக்கு, ஒரு நாளாவது உண்மையாக இருந்துவிட்டோம் என்று. இசக்கியை மறுநாளே அனுப்பிவிட்டார்கள். போகும்போது வந்து நின்றான். "எங்க அம்மை சத்தியமாச் சொல்லுதேன் சிஸ்டர், நான் அவரைத் தொடலை. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, நானா கட்டுவேன்?" அவள் அவன் மூஞ்சியைப் பார்க்கவில்லை. மருந்துத் தட்டைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

கழுத்துக்கு வந்துவிட்டாள். கழுத்தில்தான் பயம். குரல்வளை மேலும் கீழும் போய்வருகிற இடத்தில் தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே. நரம்பு துடிப்பது விரலில் தெரிந்தது. இவ்வளவு மெல்லிய தோலை ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டு மேலே மோட்டைப் பார்த்துக் கிடக்கிறாரே இந்த மனுஷன். வேறு என்ன செய்வார்? கொடுக்காமல் இருக்க முடியுமா அவரால்? மூத்திரம் எடுப்பவள் கையில், பால் ஊற்றுபவள் கையில், புரட்டிப்போடுபவன் கையில், எல்லார் கையிலும் உடம்பை விட்டுவிட்டு, வருகிறவள் எப்படிப்பட்டவளோ என்று காலடிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டு. விசாரணைக்கு இவரிடமும் வந்தார்கள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை, தன்னைச் சொன்னதைவிட. அதிகாரியம்மா நல்ல மாதிரியாகத்தான் கட்டிலோரம் குனிந்து கேட்டார். "ஐயா, உங்க கையை யாராவது கட்டினாங்களா?" "ஆமா." அதிகாரியம்மா முகம் மாறிற்று. உடனே செயலாளர் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். "அண்ணாச்சி, நாங்க உங்களை நல்லாத்தானே பாத்துக்கிடுதோம்?" "ஆமா." "உங்களை யாரும் கட்டவே இல்லல்லா?" "ஆமா." "இன்னைக்குப் பொங்கல்தானே அண்ணாச்சி?" "ஆமா." பின்னால் நின்ற கணக்கர் களுக்கென்று சிரித்துவிட்டார். தளவாயின் கண் அங்கேயும் இங்கேயும் ஓடியது. தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியும். வேறொன்று சொல்ல நினைத்து இது வருகிறது என்பதும் தெரியும். கடைசியில் உதட்டை இறுக்கிக்கொண்டார், அப்போதும் அது வாய்க்குள்ளிருந்து மா, மா என்று வந்தது. அந்த நேரத்தில் எமீமா அவர் தலைமாட்டில் நின்றாள். தலையணையைச் சரிசெய்தாள். ஒரு வார்த்தை, 'இவருக்கு அந்தச் சொல்லைத் தவிர வராது, இப்படிக் கேக்காதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வடிவுதான் சொன்னாள். "நீங்க சும்மா இருங்க, உங்க மேலதான் இப்ப கேள்வி" என்றார் செயலாளர். முப்பிடாதியும் வந்திருந்தாள். எண்ணெய் வழிகிற முகத்தோடு சத்துணவுக் கூடத்திலிருந்து பாதி வேலையில் வந்தவள், "எனக்குப் புகார் ஒண்ணும் இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. இங்கே வேண்டாம் என்றால் அவள் இந்த உடம்பை எங்கே தூக்கிக்கொண்டு போவாள்.

சுரீர் என்று ஒரு சிவப்புக் கோடு. தாடைக்கடியில் பட்டுவிட்டது. "ஐயோ, அண்ணாச்சி" என்று பிளேடைப் போட்டுவிட்டுத் தட்டிலிருந்து பஞ்சைப் பிய்த்து அழுத்தினாள். பெரிய காயமில்லை, அரிசி நீளம். பஞ்சு சிவந்தது. இன்னொரு பஞ்சு. அழுத்திப் பிடித்தபடி நின்றவளுக்கு விரலுக்கடியில் அந்த மெத்தென்ற தன்மை என்னவோ செய்தது. பஞ்சு. அன்றைக்கும் பஞ்சு இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்தும் இத்தனை நாள் பார்க்காமல் இருந்தாள். எமீமா கட்டை வெட்டினபோது துணிக்கடியிலிருந்து ஒரு பஞ்சுச் சுருள் கழன்று விழுந்தது, வேர்வையில் நனைந்து, ஒரு பக்கமாக ஒதுங்கிப்போய். மணிக்கட்டைச் சுற்றிப் பஞ்சு வைத்து, அதற்கு மேலேதான் துணியைச் சுற்றியிருந்தது. அவர் இழுத்து இழுத்து அது நகர்ந்துபோயிருக்கிறது. இசக்கி பஞ்சு வைப்பானா? படுக்கை விரிப்பைக்கூட நேராகப் போடத் தெரியாத இசக்கி, குடித்துவிட்டு, கோபத்தில் ஒருத்தர் கையைக் கட்டுகிறவன், தோல் உராயாமல் இருக்கட்டும் என்று பஞ்சைச் சுருட்டி வைப்பானா? அதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? முதல் வருஷத்தில், எலும்பு துருத்தின இடத்தில் பஞ்சு வைக்காமல் கட்டக்கூடாது என்று ஹாஸ்டல் கட்டில் காலையும் ஒருத்தி கையை ஒருத்தியும் கட்டிக் கட்டிப் பழகினது யார்? "வலிக்கா பிள்ள?" "இல்லட்டி, நல்லாருக்கு, இறுக்கிக் கட்டு." வடிவு பஞ்சை இன்னும் அழுத்தினாள். வேண்டாம், என்றாள் மனசுக்குள். அப்படி இருக்காது. கீழே பாளையம்மா செத்துக்கொண்டிருந்தாளே. ஆமாம், செத்துக்கொண்டிருந்தாள், அதனால்தான். அதனால்தான் மேலே வந்து அவிழ்க்க முடியவில்லை. அந்தப் பஞ்சு எங்கே போயிற்று? குப்பைத் தொட்டியில் போடவில்லை. எமீமா அழுதுகொண்டே அதைப் பொறுக்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டே. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. கத்திரிக்கோல்? வடிவு கூப்பிட்டது பெயரை மட்டும்தானே, என்ன நடந்தது என்று சொல்லவில்லையே, எமீமா கையில் கத்திரியை விரித்துப் பிடித்துக்கொண்டல்லவா படியேறி வந்தாள். அவிழ்த்திருக்கலாம். தான் போட்ட முடிச்சை அவளைவிடச் சீக்கிரம் யார் அவிழ்ப்பார்கள். அந்த முடிச்சை வடிவு பார்த்துவிடக்கூடாது.

இரத்தம் நின்றிருந்தது. அவள் பஞ்சை எடுக்காமலே நின்றாள். ஒரு பக்கம் வழித்த முகமும் ஒரு பக்கம் நுரையுமாகத் தளவாய் அவளையே பார்த்தார். இசக்கி எங்கே போயிருப்பான்? ஏதோ செங்கல் சூளைக்குப் போனதாகச் சொன்னார்கள். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அவன் மூஞ்சியை இவள் பார்க்காமல் மருந்துத் தட்டைச் சரிபண்ணினாள், எமீமா இவள் மூஞ்சியைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தாள். என்ன வித்தியாசம்? இருக்கிறது, வித்தியாசம் இருக்கிறது, இவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஆனால் தெரியாமல் இருந்ததும் தெரிந்துகொள்ளப் பிடிக்காமல்தானே. 'நீ போய் ஆபீசர்ட்ட சொல்லு' என்றாளே, அதுகூடவா? தன் மேல் கை நீளுவதற்குள் வடிவை முன்னால் அனுப்பி, வடிவின் வாயால் இசக்கி பெயரைச் சொல்ல வைத்து... அவ்வளவு தூரம் யோசிக்கிறவளா எமீமா? மீன் குழம்பில் நடுத்துண்டை எப்போதும் வடிவின் டப்பாவில் வைக்கிற எமீமா? அடுத்த நினைப்புதான் மோசம். பிரசவ அறையில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அது எமீமாவா, இல்லை அப்போதும் வேறு யாராவதா? ஒன்றைத் தொட்டால் பின்னாலிருக்கிற எல்லாம் வரிசையாகச் சரிந்தன. எதை எடுத்துப் பார்த்தாலும் அடியில் ஏதோ வைத்துச் சுற்றியிருப்பதாகப் பட்டது.

படியில் செருப்புச் சத்தம். தளவாயின் கண் வாசலுக்குப் போனது, அவருடைய இடது கை துண்டுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. வடிவு அதைப் பார்த்தாள். எமீமா உள்ளே வந்தாள், நெற்றியில் சமையலறை வேர்வை. "ஏட்டி, இன்னும் போகலியா நீ? செயலாளர் பாத்தார்னா சத்தம் போடுவார்." 'ஏட்டி' திரும்ப வந்துவிட்டது. வடிவு நுரையை மறுபடி தொட்டு, பாக்கியிருந்த கன்னத்தில் பிளேடை வைத்தாள். "பஞ்சு வச்சுத்தான் கட்டியிருக்க" என்றாள், திரும்பாமல். மறுக்கட்டும் என்று வடிவு காத்திருந்தாள். என்னட்டி ஒளறுத என்று ஒரு அதட்டல் போட்டால் போதும், கூசாமல் நம்பிவிட ஒரு மனசு இன்னும் தயாராக நின்றது. எமீமா கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "மேல, கீழ ரெண்டுக்கும் நர்சுன்னு நான் ஒருத்தி, இசக்கி குடிச்சுட்டு மூலையில கிடந்தான். ரெண்டு தடவ குழாயப் பிடுங்கிட்டாரு. மூணாவது தடவ பிடுங்கி, பால் நெஞ்சுக்குள்ள போயி, செத்துருந்தா? ஆரைக் கேப்பான்? என்னையத்தான் கேப்பான். செயலாளருக்குப் போன் போட்டேன், ஆள் அனுப்பச் சொல்லி. 'சமாளிங்க சிஸ்டர்'னு வச்சுட்டாரு. கொஞ்ச நேரந்தான்னு கட்டுனேன். கீழ பாளையம்மா இழுக்க ஆரம்பிச்சுட்டா. மறந்துட்டேன் வடிவு. கர்த்தர் சாட்சியா மறந்தே போச்சு." எமீமா வடிவின் பக்கம் திரும்பினாள். "நீயா இருந்தா கட்டியிருக்க மாட்டியா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

வடிவு நெஞ்சைத் தொடவில்லை. கட்டியிருப்பேனோ என்றுதான் முதலில் தோன்றியது, அதை அவளால் இல்லையென்று தள்ள முடியவில்லை. அலுத்துக் களைத்த ஒரு இரவில் இந்தக் கையைப் பார்த்து எரிச்சல்பட்டவள்தான் அவளும். "கட்டியிருப்பேனோ என்னமோ" என்றாள். "ஆனா இசக்கியச் சொல்லியிருக்க மாட்டேன். ஒன்னையச் சொல்லியிருக்க மாட்டேன்." "இசக்கி கட்டுனான்னாலும் ராத்திரிப் பொறுப்பு நாந்தான, எம் பதிவு போயிரும்டி. நர்ஸ் வேலையே பாக்க முடியாது. ஒனக்கு என்ன, விசாரணை, ஒரு மாசம் ரெண்டு மாசம். செயலாளர்ட்ட நான் பேசுதேன். தெரியாமக் கட்டிட்டேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா எல்லாத்தையும் இதோட முடிச்சுரலாம்னு சொல்லுதாரு." அப்படியானால் செயலாளருக்கும் தெரியும். அவளைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எமீமா எழுந்துவந்து வடிவின் முதுகில் கை வைத்தாள். அந்தக் கையின் எடை வடிவுக்கு அத்தனை பழக்கம், உடம்பு தன்னையறியாமல் கொஞ்சம் சாய்ந்துகொடுத்தது. "ஒன்ட்டங்கறதுனாலதான் சொல்லிட்டேன். இது நமக்குள்ள இருக்கட்டும் பிள்ள." கீழேயிருந்து யாரோ எமீமாவைக் கூப்பிட்டார்கள், பந்திக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லி. போய்விட்டாள்.

ஈரத்துணியால் தளவாயின் முகத்தைத் துடைத்தாள். துண்டுக்கடியிலிருந்து அந்தக் கையை எடுத்து விரல்களுக்கிடையிலும் துடைத்தாள். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இன்னும் மடங்கவில்லை, இனி மடங்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. ரேடியோவை அவர் திருகி வெகுநாளாயிற்று. நமக்குள்ள இருக்கட்டும். இதை வெளியே சொன்னால் நம்பிச் சொன்னவளைக் காட்டிக்கொடுத்தவள் என்று எமீமா சாகிறவரைக்கும் சொல்வாள். மகள் கேட்பாள், சித்தி ஏன் வருவதில்லை என்று. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் முன்னைப்போல இருந்துவிடலாமா? மீன் குழம்பும் நடுத்துண்டும்? அந்தத் துண்டை வாயில் வைக்க முடியுமா இனி? கேட் வழியாக இப்படியே போய்விடலாம். சொல்லியும் பிரயோசனமில்லை, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று எமீமா திரும்பவும் காலண்டரைப் பார்ப்பாள். நம்பமாட்டார்கள். நம்பினாலும் இந்த விரல் மடங்காது. இதையெல்லாம் யோசித்துக்கொண்டே குவளையைக் கழுவினாள், பிளேடைத் தனியாகப் போட்டாள், துண்டை உதறிக் கொடியில் போட்டாள். அப்புறம் பார்த்தால் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். யோசனை இன்னும் மாடியிலேயே சுற்றிக்கொண்டு நின்றது.

சாப்பாட்டு அறையில் இலை போட்டிருந்தார்கள். அதிகாரியம்மா நடுவில், பக்கத்தில் செயலாளர், தள்ளிக் கணக்கர். ரசத்துக்கு வந்திருந்தார்கள். செயலாளர்தான் முதலில் பார்த்தார். "நீங்க இன்னும் போகலியா? என்ன வேணும்?" வடிவு அதிகாரியம்மாவின் இலைக்கு எதிரே போய் நின்றாள். "மேடம், நான் உங்க ஆபீசுக்கு வந்து சொன்னதுல ஒண்ணு தப்பு. இசக்கி கட்டலை. அவன் பேரைச் சொன்னது என் தப்பு. அதை மாத்திக்கிடணும்." அதிகாரியம்மா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அப்போ கட்டினது யாரு? நீங்க பார்த்தீங்களா?" பார்த்தேன் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் சுலபம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "பாக்கலை மேடம்" என்றாள். "கட்டுனவங்களே இப்ப மேல வச்சு என்ட்டச் சொன்னாங்க. அவங்க ஆள் வேணும்னு போன் போட்டுக் கேட்டதும், சமாளிங்கன்னு சொல்லிட்டு வச்சதும் யாருன்னும் சொன்னாங்க." செயலாளர் இலையை மடித்தார். "மேடம், இவங்க வேலை போற கோபத்துல..." "நீங்க சாப்பிடுங்க" என்றார் அதிகாரியம்மா. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, மூலையிலிருந்த நாற்காலியை வடிவுக்கு இழுத்துப் போட்டு, எதிரே உட்கார்ந்தார். "சொல்லுங்க. யாரு?" அப்போது சமையலறை வாசலில் எமீமா தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, திரும்பியும் போகவில்லை. இந்தத் தடவை அவள் வேறெங்கும் பார்க்காமல் வடிவைத்தான் பார்த்தாள். வடிவுக்குக் கண்ணில் நீர் முட்டிற்று. அவளைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தணிக்காமல், பெயரைச் சொன்னாள்.